ஈயத்துக்குத் தாள் சட்டை

சுட்டு முடித்தவுடன் எல்லோருடைய கண்ணும் குறிப்பலகையைத்தான் தேடும். ஒரு சிலர் மட்டும், சுடுதிடலில் துப்பாக்கிகள் எல்லாம் ஓயும்வரை காத்திருந்து, குழல்வாய்க்கு முன்னால் நாலைந்து எட்டு வைத்துப் போய்ப் புல்லில் குனிகிறார்கள். அவர்கள் பொறுக்கி எடுப்பது தாள் துணுக்குகளை. கல்யாண வீட்டு வாசலில் வெடித்துச் சிதறிய காகிதத் தூள் மாதிரி கிடக்கும் அவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்கள். ஓரம் நேராக வெட்டுப்பட்டிருக்கிறதா? எங்காவது கருகியிருக்கிறதா? ஊசித்துளை ஏதும் உண்டா? குண்டு எங்கே போய்ப் பதிந்தது என்பதைவிட இந்தத் துணுக்கு சொல்லும் சேதிதான் அவர்களுக்கு முதலில் வேண்டும்.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பிக் டிம்பர் என்ற சிற்றூரிலும், இத்தாலியின் கார்டோனே வால் ட்ரோம்பியாவிலும் 1870-களின் ரைஃபிள்களை அதே வடிவத்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் குண்டையும் தாங்களே ஈயத்தில் வார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார் இன்னும் ஒரு படி பின்னால் போய், வார்த்த குண்டின்மேல் மெல்லிய தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தக் காலத்தில் சுட்டபடியே சுட்டுப் பார்க்கிறார்கள். இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குப் பிடிபடவே இல்லை. இரும்புக் குழலுக்குள் ஈயம் பாய்கிறது. பின்னால் 2000 டிகிரி செல்சியசைத் தாண்டிய நெருப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதமா? அது எரியாமல் எப்படி வெளியே வந்து புல்லில் விழுகிறது?

ஓவியம் வரைகிறவர்கள் கடையில் கேட்டு வாங்கும் கார்ட்ரிஜ் தாளிலிருந்தே தொடங்கலாம். கார்ட்ரிஜ் என்றால் தோட்டா. வெடிமருந்தையும் குண்டையும் சேர்த்துப் பொட்டலம் கட்டுவதற்கென்றே வந்த கெட்டித் தாள் அது. பொட்டலம் கட்டும் வேலை போய்விட்டது, பெயர் மட்டும் ஓவிய மேசையில் தங்கிவிட்டது. துப்பாக்கிக்கும் காகிதத்துக்கும் இருந்த உறவு அத்தனை பழையது, அத்தனை அன்றாடமானது.

அந்த உறவு ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் குழலின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ரைஃபிளின் குழலுக்குள் திருகாணிப் புரிபோல் நீளச் சுழன்று போகும் பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டு அந்தப் புரியைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறினால், பம்பரம் நிமிர்ந்து நிற்பதுபோல் காற்றில் நிலைகுலையாமல் போகும். புரியைப் பற்ற வேண்டுமானால் குண்டு குழலுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். வாய்வழியாக இடிக்கும் துப்பாக்கியில் அவ்வளவு இறுக்கமான குண்டை எப்படி உள்ளே இறக்குவது? போரில் நிற்கும் சிப்பாய்க்குச் சுத்தியலால் அடித்து இறக்க நேரமேது?

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்த விடை: தளர்வாக உள்ளே போகட்டும், வெடிக்கும்போது தானே பருத்து இறுகட்டும். பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் விட்டம் 14.7 மில்லிமீட்டர். பின்னாளில் அதற்கு நிலைத்த குண்டின் விட்டம் சுமார் 14 மில்லிமீட்டர். மீதி இடைவெளியில் ஒரு பகுதியை, குண்டைச் சுற்றியிருந்த தோட்டாத் தாள் நிரப்பியது. சிப்பாய் தோட்டாவின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, கொழுப்புத் தடவிய தாளோடு குண்டை உள்ளே நுழைத்து, மிச்சத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு இடிகம்பியால் இறக்க வேண்டும். தாள் இல்லாமல் அந்தக் குண்டு வேலை செய்யாது. கொழுப்பு இல்லாமல் தாள் வழுக்காது.

நம் வரலாற்றுப் புத்தகங்களில் சிப்பாய்க் கிளர்ச்சிப் பாடத்தில் வரும் அந்தத் தோட்டா இதுதான். பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம்மில் கிளம்பியது என்று படித்திருப்போம். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: சந்தேகம் கொழுப்போடு நிற்கவில்லை, தாளின்மேலும் பாய்ந்தது. பளபளவென்று இருந்த தாளைக் கண்டதும் அதிலேயே ஏதோ கலந்திருக்கிறது என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19-ஆம் வங்காளக் காலாட்படை மறுத்து நின்றதற்கு அந்தத் தாளின்மேல் விழுந்த ஐயமே காரணம். ஏப்ரலில் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10 அன்று மீரட் பற்றி எரிந்தது. வாயில் வைக்கச் சொன்ன ஒரு பொருளைப் பற்றி அந்த வாய்க்கு உரியவர்களிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. தொழில்நுட்ப வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வந்து நிற்பது இந்த இடம்.

குண்டு 'பருப்பது' என்றால் என்ன? மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். 1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது, பின்புறமாகத் தோட்டா போடும் வகை. இங்கே வாய்வழி இடிக்கும் தொல்லை இல்லை. ஆனாலும் தாள் போகவில்லை. அதன் குண்டு 31 கிராம், பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தது. மேலே வெள்ளைத் தாள் சுற்றியிருந்தது. ஏறக்குறைய 84 சென்டிமீட்டர் நீளக் குழலின் முடிவில் அது வினாடிக்கு சுமார் 410 மீட்டர் வேகத்தை எட்டியாக வேண்டும். பள்ளிக்கூடச் சமன்பாட்டில் போட்டாலே சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப்போல் பத்தாயிரம் மடங்கு வந்துவிடுகிறது. அதாவது, குழலுக்குள் இருக்கும் அந்த நான்கு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில், 31 கிராம் குண்டு 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளதுபோல் நடந்துகொள்கிறது.

அதன் அடிப்பாகத்தின் பரப்போ ஒரு சதுர சென்டிமீட்டர்தான். கட்டைவிரல் நகமளவு ஈயத்தின்மேல் நாலைந்து ஆட்கள் ஏறி நின்றதுபோல. இதுவும் சராசரிக் கணக்கு. மருந்து பற்றிய முதல் கணத்தில் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. தூய ஈயம் நகத்தால் கீறினால் தடம் விழும் அளவுக்கு மென்மையானது. இந்தச் சராசரி அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே போதும், அது நெளியத் தொடங்கிவிடும். முன்பாதி இன்னும் கிளம்பவே இல்லை, பின்பாதியை நெருப்பு தள்ளுகிறது. நடுவில் அகப்பட்ட ஈயம் பக்கவாட்டில் பிதுங்கிப் புரியை நிரப்புகிறது. அப்படிப் பிதுங்கும்போது தாளையும் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே போகிறது.

சரி, தாள் எதற்கு, ஈயமே புரியை நேராகப் பற்றட்டுமே என்றால், அங்கே இரண்டு தொல்லை. முதலாவது, ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். குண்டின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெப்ப வாயு அதன் வழியே பீறிட்டு, ஈயத்தை அரித்துக் குழலின் சுவரில் பூசிவிடும். பூசிய ஈயம் அடுத்த குண்டின் ஈயத்தை இழுக்கும். பத்துச் சுற்றுக்குள் குழல் பாழ். இரண்டாவது, கருமருந்தின் கசடு. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பங்கில் கலந்த அந்தப் பழைய மருந்து எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடுவதில்லை. ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஏபெலும் மூடிய எஃகுக் கலத்துக்குள் மருந்தை வெடிக்கவைத்து எடைபோட்டுப் பார்த்து, 1875-இல் வெளியிட்ட முடிவு: எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அந்தக் கரிய கசடு ஈரக்காற்றில் குழைந்து கிடக்கும், வறண்ட வெயிலில் ஓடுபோல் இறுகிவிடும். இன்றும் இந்த ரைஃபிள்காரர்கள் இரண்டு சுடலுக்கு நடுவே குழலின் பின்பக்கத்தில் ஒரு சிறு ஊதுகுழாயைப் பொருத்தி, நிதானமாக நாலைந்து முறை மூச்சை ஊதுகிறார்கள். வாயின் ஈரம் கசடை இளக்குகிறது. ஊதுவது அவ்வளவுதான், ஆனால் ஊதாதவரின் பத்தாவது குண்டு முதல் குண்டு போன இடத்துக்குப் போகாது.

தாள் இந்த இரண்டு தொல்லைக்கும் குறுக்கே நிற்கிறது. ஈயம் இரும்பைத் தொடவே விடுவதில்லை. கசடையும் போகிற போக்கில் துடைத்துக்கொண்டு போகிறது. ஏன் எரிவதில்லை என்ற என் பழைய கேள்விக்கும் விடை இங்கேதான். தாள் தீப்பிடிக்க வெப்பம் மட்டும் போதாது, வெப்பம் உள்ளே ஊறுவதற்கு நேரமும் வேண்டும். எரியும் மெழுகுவத்திச் சுடரில் விரலை வெடுக்கென்று ஓட்டி எடுத்தால் சுடுவதில்லை அல்லவா? நான்கு மில்லிவினாடி அதைவிடக் குறைவு. அதோடு, குண்டு பருத்து வாயுவை முழுக்க அடைத்துவிட்டால் தாளின் பக்கவாட்டுக்கு நெருப்பே எட்டாது. அடியில் மடித்த பகுதி மட்டுந்தான் நெருப்பைப் பார்க்கும். அதனால்தான் புல்லில் கிடக்கும் துணுக்கு வெள்ளையாக இருந்தால் அவர்கள் முகம் மலர்கிறது. கருகியிருந்தால் எங்கோ வாயு கசிந்திருக்கிறது. ஈயம் கொஞ்சம் கெட்டியாகப் போய்விட்டது, பருக்கவில்லை. அல்லது தாள் மெலிது. அடுத்த வார்ப்பில் வெள்ளீயத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

தாள் சுற்றுவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பருத்தி நார் கலந்த மெல்லிய தாள்தான் இதற்குச் சரி. நார் நீளமாக இருப்பதால் நனைந்தாலும் கையோடு வராது. கனம் 0.05 மில்லிமீட்டர் அளவில் இருந்தால், இரண்டு சுற்றில் குண்டின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் கூடும். தாளைச் சதுரமாக வெட்டுவதில்லை. இரண்டு நுனியும் சாய்ந்திருக்கும் இணைகரமாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, குண்டை அதன்மேல் வைத்து விரலால் உருட்டுகிறார்கள். சுற்று முடியும் இடமும் தொடங்கிய இடமும் ஒன்றுக்கு ஒன்று மேல் ஏறாமல், இடைவெளியும் விடாமல், பக்கத்தில் பக்கமாகப் பொருந்த வேண்டும். அடியில் மிஞ்சும் தாளை மடித்துவிட்டு ஒரு நாள் காயவைத்தால் பசையே இல்லாமல் தாள் இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

இதை நம்புவதற்கு எனக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு பித்தளைக் கம்பித் துண்டை எடுத்து, நனைந்த தாளை இரண்டு சுற்றுச் சுற்றி ஜன்னல் ஓரம் வைத்தேன். ஈரமாக இருந்தபோது உறைபோல் வழுக்கிக் கழன்ற தாள், மறுநாள் காலையில் விரலால் திருகினாலும் அசையவில்லை. நனைந்தபோது உப்பிய நார்கள், காயும்போது சுருங்கி ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதுதான் காரணம். ஆனால் சுற்று முடியும் இடத்தைப் பொருத்துவதில் முதல் ஆறு முறையும் தோற்றேன். ஒரு மில்லிமீட்டர் ஏறும், இல்லாவிட்டால் ஒரு மில்லிமீட்டர் குறையும்.

ஒரு மில்லிமீட்டர் ஏறினால் என்ன குடிமுழுகிவிடும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன், வியந்துபோனேன். ஒரு பக்கம் மட்டும் மூன்று அடுக்குத் தாள் வந்தால், குழலுக்குள் குண்டு நடுவிலிருந்து 0.025 மில்லிமீட்டர் ஒதுங்கிவிடும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. மார்ட்டினி-ஹென்றியின் புரி 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த வேகத்தில் குண்டு வினாடிக்கு 735 முறை சுழல்கிறது. நடுவிலிருந்து ஒதுங்கிய குண்டு, குழலை விட்டதும், கவணிலிருந்து விடுபட்ட கல்போல வினாடிக்கு 11, 12 சென்டிமீட்டர் வீதம் பக்கவாட்டில் நகரும். ஆயிரம் கெஜத்தைக் கடக்க மூன்று வினாடிக்கு மேல் ஆகும். போய்ச் சேர்வதற்குள் ஒன்றரைச் சாண் விலகியிருக்கும். எந்தப் பக்கம் என்றும் சொல்ல முடியாது. குழல்வாயைத் தாண்டும் கணத்தில் அந்த மடிப்பு எந்தத் திசையில் இருந்ததோ அதைப் பொறுத்தது.

ஆயிரம் கெஜத்தில் சுடுகிறவர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்குக்கு அருகே லாங் தீவின் கிரீட்மூர் திடலில் அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போட்டி அந்தக் காலத்துச் செய்தித்தாள்களின் பெருநிகழ்ச்சி. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜம் என்று மூன்று தூரம். ஐரிஷ்காரர்கள் வாய்வழி இடிக்கும் ரிக்பி ரைஃபிள்களோடு வந்தார்கள். அமெரிக்கர்கள் பின்புறம் தோட்டா போடும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைஃபிள்களில் தாள் சுற்றிய குண்டு போட்டார்கள். பின்புறம் போடுவது துல்லியத்துக்கு ஆகாது என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். கடைசிக் குண்டு மிச்சமிருந்தபோது அயர்லாந்து 931, அமெரிக்கா 930. ஜான் பொடீன் சுட வேண்டும். அதற்குச் சற்று முன்னால்தான் குளிர்பானப் போத்தல் உடைந்து அவர் கை கிழிந்திருந்தது. இரத்தம் வழிந்த கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சுட்டார். நடுவட்டம், நான்கு புள்ளி. 934-க்கு 931. ஐரிஷ் வீரர் ஒருவர் அதற்கு முன்பே பக்கத்துப் பலகையின் நடுவட்டத்தைத் தவறுதலாகச் சுட்டிருந்தார். அந்த நான்கும் சேர்ந்திருந்தால் முடிவு வேறு. மூன்றே புள்ளியில் தீர்ந்த போட்டியில், முந்தின இரவு யாரோ ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து தாளின் ஓரத்தைச் சரியாகப் பொருத்தியதற்கும் பங்கு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே இவ்வளவு இறுகிப் பிடித்த தாள் வெளியே வந்ததும் விட்டுவிட வேண்டும். இதுதான் இந்த ஏற்பாட்டின் நுட்பமான பகுதி. விடாமல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் குண்டு ஒற்றைச் சிறகு முளைத்ததுபோல் ஆகிவிடும். விடவைப்பது எது? புரியின் மேடுகள் குழலுக்குள்ளேயே தாளை நீளவாக்கில் கீறிவிடுகின்றன. குழல்வாயைத் தாண்டியதும் சுழற்சி மீதியைப் பார்த்துக்கொள்கிறது. 735 சுற்று வேகத்தில், குண்டின் மேற்பரப்பில் வெளிநோக்கி இழுக்கும் விசை புவியீர்ப்பைப்போல் 12,000 மடங்கு. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள தாளை ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விசை பிடுங்குகிறது. எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ள, சில அடிக்குள் தாள் தூள்தூளாகச் சிதறிவிடுகிறது.

சிதறாமல் போவதும் உண்டு. மருந்தைத் தாங்கும் பித்தளைத் தோட்டாக் கூடு, அது அமரும் குழல் அறையைவிடக் கொஞ்சம் நீளம் குறைவாக இருந்தால், அந்தச் சந்தில் ஈயம் பருத்துத் தாளை வளையமாக அறுத்து அங்கேயே விட்டுவிடும். அடுத்த குண்டு அந்த வளையத்தில் முட்டிக்கொண்டு கிளம்பும். திடலில் திடீரென்று ஒரு குண்டு மட்டும் கூட்டத்தை விட்டு விலகிப் பதிந்தால், அனுபவசாலிகள் காற்றைக் குறை சொல்வதற்கு முன் குழலின் பின்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள்.

அடிப்பாகத்தில் தாளை மடிப்பதற்கும் இவர்கள் ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிராங்க்ளின் மான் விடை வைத்திருக்கிறார். மருத்துவம் படித்தவர், ஆனால் ஆயுளின் பெரும்பகுதியைக் குண்டு ஏன் குறி தவறுகிறது என்ற ஒரே கேள்விக்குக் கொடுத்தவர். 1909-இல் அதைப் புத்தகமாக்கினார். வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டுப் பார்த்தார். முனையைக் கெடுத்தபோது குறி அதிகம் கெடவில்லை. அடியைக் கொஞ்சம் சிதைத்தாலே குண்டு கண்டபடி போனது. குழலை விட்டுப் பிரியும் கடைசிக் கணத்தில் வாயு அடிப்பாகத்தைத்தான் தள்ளுகிறது. ஓர் ஓரம் முந்தித் திறந்துகொண்டால் அந்தப் பக்கம் வாயு பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். கூர்முனைதான் வழிகாட்டும் என்று நம் கண் சொல்கிறது. வழிகாட்டுவது வால்.

வார்ப்பு வேலையைச் செய்கிறவர்கள் ஒன்றை மறப்பதில்லை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நீராவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். ஈயத் தூசி கையிலிருந்து வாய்க்குப் போனால் மெல்ல உடம்பில் சேரும். திறந்த இடம், கண்ணாடி, கையுறை, வேலை முடிந்ததும் சோப்பு. சாப்பாடு அந்தப் பக்கமே வரக்கூடாது.

தாள் சட்டையின் காலம் சீக்கிரமே முடிந்தது. 1886-இல் பிரான்சின் லெபெல் ரைஃபிளோடு புகையற்ற மருந்து வந்தது. குண்டின் வேகம் எகிறியது, மென்மையான ஈயம் தாங்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டு முன்பே ஸ்விட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்பில் சட்டை போட்டுப் பார்த்திருந்தார். உறை ஒன்று நடுவே நின்று ஈயத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அதேதான். காகிதம் இருந்த இடத்தில் உலோகம் வந்தது. இந்த முறை உறை கழன்று விழ வேண்டிய தேவை இல்லை. 1890-களில் அந்த உலோகச் சட்டையின் முனையை மட்டும் திறந்துவிட்டு, உடலில் பட்டதும் விரியும் குண்டைச் செய்தார்கள். செய்த இடம் அதே டம்டம். அந்த ஊரின் பெயராலேயே அந்தக் குண்டை உலகம் அறிந்தது. 1899-இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரிலிருந்து விலக்கியது.

புல்லில் பொறுக்கிய துணுக்குகளோடு, சுட்ட குண்டையும் நொறுங்காமல் மீட்க இன்றைய ரைஃபிள்காரர்கள் முயல்கிறார்கள். எண்ணெயில் பிசறிய மரத்தூள் நிறைந்த நீளப் பெட்டிக்குள் சுடுகிறவர்கள் உண்டு. குளிர்காலத்தில் பனிக்குவியலுக்குள் சுட்டுவிட்டு, பனி உருகும்வரை காத்திருந்து தேடி எடுப்பவர்களும் உண்டு. கழுவித் துடைத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், ஈயத்தின்மேல் புரியின் வரிகள் தெரியும். வரிகளுக்கு நடுவே, சாய்வாக ஒரு மெல்லிய கோடு. தாளின் ஓரம் பொருந்திய இடம் அது. கண்ணைக் கூர்ந்தால் காகிதத்தின் நார்த் தடமும் ஈயத்தில் அப்படியே பதிந்திருக்கும்.